நூறு மில்லிக்கு மேல் ஒரு கொசுறு

நான்கைந்து வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. தேக்கா கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த தனியார் கல்லூரியில், சனிக்கிழமை காலைகளில் நான் அடிப்படை அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருகிற பெரியவர்களுக்கான சான்றிதழ்ப் படிப்பு அது. பாதி நேரம் பாடம், மீதி நேரம் ஆய்வுக்கூடம். சூடாக்குவது, நிறுப்பது, அளப்பது எல்லாவற்றையும் அவரவர் கையால் செய்து பார்த்தே ஆக வேண்டும். திரையில் படத்தை ஓட்டி ஒப்பேற்றுகிற வேலையெல்லாம் என்னிடம் நடக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் கறார். ஆய்வுக்கூடத்தில் யாராவது தெர்மாமீட்டரை எட்ட நின்று பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்க வகுப்புல உட்கார்றதுக்கு நேஷனல் சர்வீஸ்னு பட்டாளத்துக்கு இன்னொரு தடவை போகலாம்" என்பது என் மனைவியின் அபிப்பிராயம். அவள் என் வகுப்புக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அந்த முறை வகுப்பில் ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்திருந்தார்கள். என் இத்தனை வருட அனுபவத்தில் அண்ணன் தம்பி வந்திருக்கிறார்கள், புருஷன் பெண்டாட்டி வந்திருக்கிறார்கள். மாமியார் மருமகள் வந்தது அதுதான் முதல் தடவை.

மாமியாருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இந்த ஊரிலேயே, புக்கிட் மேராவில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பாலர் பள்ளியில் வகுப்பு உதவியாளராக ரொம்ப காலமாக வேலை. பிள்ளைகளோடு பாடுவது, களிமண் உருட்டுவது, அழுகிற குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே கதை சொல்வது எல்லாம் அவர்தான். ஆனால் பள்ளியில் புதிதாக ஒரு விதி வந்துவிட்டது. இந்தச் சான்றிதழ் இல்லாதவர்கள் அடுத்த ஆண்டிலிருந்து வகுப்பறைக்குள் நிற்க முடியாது, சமையலறைக்கு மாற்றிவிடுவார்கள். போன வருடம் வேறு ஒரு கல்லூரியில் படித்து ஒரு முறை எழுதினார். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார், செய்முறைத் தேர்வில் போய்விட்டது. இது இரண்டாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பும்கூட. முதல் நாளே இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, "சமைக்கிறதுல எனக்கு ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல சார். ஆனா புள்ளைங்க சத்தம் கேட்டுக்கிட்டே உள்ள போக முடியாம நிக்கணும் பாருங்க, அது என்னால முடியாது லா" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மருமகள் தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கும் பாலர் பள்ளி வேலை மேல் ஆசை, அதனால் சேர்ந்துகொண்டாள். கெட்டிக்காரி. நான் பலகையில் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் விடை அவள் தாளில் இருக்கும். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இருவரும் ஒரே நாளில் பதிவு செய்ததால், பட்டியலில் அடுத்தடுத்து வந்து, ஆய்வுக்கூடத்தில் ஜோடியாகிவிட்டார்கள். அவர்களுக்குள் சண்டை என்றெல்லாம் ஒன்றுமில்லை. பேச்சுதான் இல்லை. "சார், இவள கொஞ்சம் சத்தமா படிக்கச் சொல்லுங்க" என்பார் மாமியார், பக்கத்தில் நிற்பவளைப் பற்றி. அவள் சத்தமாகப் படிப்பாள், என்னைப் பார்த்து. நடுவில் நான் ஒரு தபால்காரன் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். வேலையும் தானாகவே பிரிந்துகொண்டது. பெரியவர் ஊற்றுவார், கிளறுவார், அளவைப் பார்த்துச் சொல்வார். சின்னவள் எழுதிக்கொள்வாள்.

அந்தப் பாடத்தில் நான் முக்கியமாகச் செய்ய வைக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு அலுமினியக் கட்டியைக் கொதிக்கிற நீரில் போட்டுச் சூடாக்க வேண்டும். பிறகு அதை எடுத்து, அளந்து வைத்த நூறு மில்லி குளிர்ந்த நீரில் இறக்க வேண்டும். நீரின் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால், அந்த உலோகம் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைத்திருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். செய்முறைத் தேர்விலும் இதுதான் வரும். விடை குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால்தான் தேர்ச்சி.

இந்த ஜோடிக்கு மட்டும் விடை எப்போதும் குறைவாகவே வந்தது. ஒரு முறை இரண்டு முறை என்றால் சரி, ஒவ்வொரு முறையும். தெர்மாமீட்டரை மாற்றிக் கொடுத்தேன். கட்டியை மாற்றினேன். கட்டியை வெந்நீரிலிருந்து எடுத்து இறக்குவதற்குள் ஆறவிடுகிறார்களோ என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். இல்லை, மருமகள் மின்னல் வேகத்தில் இறக்கினாள். எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் தேக்கா சந்தைக்குள் போனேன். தோ பாயோவில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே சந்தை இருக்கிறது, ஆனாலும் முருங்கைக்காய்க்கு என் மனைவிக்குத் தேக்காதான் வேண்டும். கடைக்காரர் நிறுத்தார், தராசைப் பார்த்தார், விலையைச் சொன்னார். பிறகு பையை என்னிடம் நீட்டுகிற நேரத்தில், இன்னொரு கையால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் நாலு பச்சை மிளகாயையும் அள்ளி மேலே போட்டார். நான் கேட்கவில்லை. அவரும் என்னைப் பார்த்துக்கூடப் போடவில்லை, அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டே போட்டார். கை அது பாட்டுக்குப் போனது.

பையை வாங்கிக்கொண்டு நாலடி நடந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அடக் கடவுளே, கொசுறு!

வகுப்புக்குப் போனதும், அந்த மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமியார் அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றினார். நூறு என்ற கோடு வரைக்கும் அழகாக வந்து நின்றது. குவளையைக் கீழே வைக்கப் போனார். வைப்பதற்கு முன், மணிக்கட்டை ஒரு சாய்ப்பு. இன்னும் எட்டோ பத்தோ மில்லி உள்ளே விழுந்தது. "நூறு" என்று சொன்னார். மருமகள் நூறு என்று எழுதினாள். தண்ணீர் கூடினால் சூடு குறைவாகத்தான் ஏறும், விடையும் குறைவாகத்தான் வரும். இவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் நான் தெர்மாமீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேரடியாகச் சொல்லிவிட்டேன். "அம்மா, கோட்டோட நிறுத்துங்க. மேல ஊத்தாதீங்க."

அவருக்கு முதலில் புரியவே இல்லை. தான் ஊற்றுகிறோம் என்பதே தெரியவில்லை. மறுபடி செய்து காட்டச் சொன்னேன். மறுபடியும் அதே சாய்ப்பு. தன் கையையே பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, தண்ணிதானே சார், தங்கமா? புள்ளைங்களுக்குப் பால் ஊத்தி ஊத்திப் பழகின கை லா இது. சரியா கோட்டுல நிறுத்தினா கஞ்சத்தனமா இருக்காதா?" என்றார். இனிமேல் ஊற்றவே மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

எனக்குக் கோபம் வந்தது மருமகள் மேல்தான். இடைவேளையில் தனியாகப் பிடித்தேன். "நீ பக்கத்துலயே நிக்கிற. உன் கண்ணுல இது படலையா?"

"பட்டுச்சு சார்."

"எப்போலேருந்து?"

"மொத நாள்லேருந்தே."

"அப்புறம் ஏம்மா நூறுன்னு எழுதின?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தை நூறுன்னு சொல்றாங்க. நான் எப்படி சார் இல்லைங்கறது? நாலு பேர் இருக்கற எடத்துல?"

"அவங்க ஃபெயிலானா பரவாயில்லையா?"

 அவள் கண் கலங்கியது. நானும் விட்டுவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல் தணியவில்லை. அவர் பேச்சை மறுக்கக்கூடாது என்று இந்தப் பெண் காட்டுகிற மரியாதையே அந்த அம்மாளைச் சமையலறைக்கு அனுப்பிவிடும் போலிருந்தது. இப்படி ஒரு மரியாதையை எந்தப் பாத்திரத்தில் போட்டு வைப்பது?

ஜோடியை மாற்றிவிடலாமா என்று மாமியாரிடமே கேட்டுப் பார்த்தேன். முகம் மாறிவிட்டது. "மருமகள விட்டுட்டு வேற ஆளோட நிக்கிறேன்னா வெளியில என்ன சார் நினைப்பாங்க? எனக்கும் அவளுக்கும் ஆகலைன்னு ஊரெல்லாம் பேசும். வேணாம் சார்" என்றார். 

தேர்வு நாள் வந்தது. விதிப்படி, தேர்வு நடக்கும்போது நான் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், சீன அம்மையார் ஒருவர். ஜோடிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், சத்தம் மட்டும் கூடாது.

 மாமியாரின் நெற்றியில் அன்றைக்குத் திருநீறு பெரிதாக இருந்தது. அளவு ஜாடியை எடுத்தார். மெதுவாக, மெதுவாக ஊற்றினார். கோட்டில் வந்து நின்றது. குவளையை நிமிர்த்தினார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அந்த மணிக்கட்டு சாய்ந்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பார்வை கொதிக்கிற தண்ணீரின் மேல் இருந்தது. "நூறு" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

மருமகள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், இருமலாமா என்றுகூட யோசித்தேன். ஒரே ஒரு இருமல், யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பக்கத்தில் அந்த அம்மையார். அதோடு, இத்தனை வருடம் கறாராக இருந்துவிட்டு இன்றைக்கு மட்டும் வளைவதா? வலுக்கட்டாயமாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபது வருடமாகத் தேர்வு நடத்துகிறேன், எவர் தேறினாலும் தவறினாலும் எனக்கு அப்படி அடித்துக்கொண்டதில்லை. திரும்பிப் பார்த்தபோது மருமகள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நூறு என்றுதான் எழுதியிருப்பாள், முடிந்தது கதை என்று நினைத்தேன்.

கட்டியை இறக்கினார்கள், கிளறினார்கள், சூட்டைக் குறித்தார்கள். கணக்குப் போடுகிற நேரம் வந்தது. மாமியார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"என்னாம்மா இது? நூத்தி எட்டா?" குரல் ஏறிவிட்டது. "நான் நூறுதானே ஊத்தினேன்?"

அறையே திரும்பிப் பார்த்தது. நான்கு பேர் என்ன, இருபது பேர்! மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இல்லத்த," என்றாள். அவ்வளவு மெல்லிய குரல், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "நூத்தி எட்டு ஊத்தினீங்க."

"சார் நூறுதானே ஊத்தச் சொன்னாரு?"

"அவரு நூறுதான் சொன்னாரு. நீங்க நூத்தி எட்டு ஊத்தினீங்க. நான் குனிஞ்சு பாத்துட்டுத்தான் எழுதினேன்."  அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, அடுத்ததையும் சொன்னாள். "நீங்க எப்பவும் கூடத்தான் ஊத்துவீங்க. வீட்டுல எனக்கு ஊத்தற காப்பியும் வழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை. மருமகளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறவர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். நான் பயந்துபோனேன், இப்போது என்ன வெடிக்கப் போகிறதோ என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சரி, நூத்தி எட்டு வச்சே கணக்கப் போடு" என்றார்.

போட்டார்கள். விடை எல்லைக்குள் வந்து உட்கார்ந்தது.

தாளை வாங்கிய வெளித் தேர்வாளர், நூறு எடுக்கச் சொன்ன இடத்தில் நூற்றெட்டு எடுத்திருக்கிறார்களே என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். எடுத்தது எவ்வளவோ அதை எழுதியிருக்கிறார்கள், கணக்கும் அதை வைத்தே போட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் ஒரு முறை சரிபார்த்துவிட்டு, தலையசைத்து, மதிப்பெண் போட்டார். நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்குக் கிளம்பி, மின்தூக்கிக்குப் போனபோது அவர்கள் இருவரும் அங்கே காத்துக்கொண்டிருந்தார்கள். என்னை அவர்கள் கவனிக்கவில்லை. மாமியார் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் தபால்காரன் இல்லாமல் அவர்கள் பேசி அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"மூணு மாசமா பாத்துக்கிட்டேவா நின்ன?"

"ம்."

"அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு நினைச்சேன் அத்த."

"கோவிச்சுக்குவேன்தான் லா! கோவிச்சுக்காம? நல்லாத் திட்டியிருப்பேன். அதுக்காக என்னை ஃபெயிலாக விட்டுருவியா நீ?"

மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள். மாமியார் பைக்குள் கைவிட்டு டிஷ்யூ பாக்கெட்டைத் தேடி எடுத்து, உருவி உருவி அவள் கையில் திணித்தார். ஒன்று போதாதா, ஐந்தாறு திணித்தார்.

"போன வருசம் என் கூட நின்ன பொண்ணும் இதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னுருக்கும். அதுவும் ஒண்ணும் சொல்லல. நல்ல மரியாதையான பொண்ணு. பரவால்ல, அது யாரோ." குரல் உடைந்தது. "நீ என் வீட்டுப் பொண்ணு இல்லியா? நீயும் யாரோ மாதிரி நிக்கலாமா?"

மின்தூக்கி வந்தது. நான் ஏறவில்லை. படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டேன்.

அவர் தேறினார், மருமகளும் தேறினாள். அடுத்த ஆண்டும் அவர் வகுப்பறைக்குள்ளேயே நின்றார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்கள் வீட்டில் அதற்கப்புறம் என்ன மாறியது, மாறாதது எல்லாம் எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற உரிமையும் எனக்கில்லை.

என்னைப் பற்றி மட்டும் சொல்ல முடியும். அந்தப் படிக்கட்டில் இறங்கும்போதே ஒரு யோசனை வந்து குடையத் தொடங்கியது. இத்தனை வருடம் நான் பலகையில் எழுதியதில் ஒரு பிழைகூடவா இருந்திருக்காது? ஒரு ஆள்கூடக் கை தூக்கி, சார் இது தப்பு என்று சொன்னதில்லை. நான் ரொம்பச் சரியாகப் பாடம் நடத்துகிறேன் என்று அதை நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயா பேச்சை மறுப்பதா என்று எத்தனை பேர் என் தவறுகளைப் பேசாமல் எழுதிக்கொண்டு போனார்களோ! அவர்களில் எத்தனை பேருக்கு நான் வெறும் யாரோவாக இருந்தேனோ.

அதற்குப் பிறகு வந்த வகுப்பில் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன், என் பிழையைக் கண்டால் சொல்லுங்கள் என்று. கொஞ்ச நாள் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "சார், அங்க மைனஸ் விட்டுட்டீங்க" என்றாள். விட்டிருந்தேன்தான். காது சூடாகிவிட்டது, வாயில் ஏதோ சுடுசொல்லும் வந்தது, விழுங்கிக்கொண்டு திருத்தி எழுதினேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் தப்பு என்று சொன்னால் முதலில் சுருக்கென்றுதான் இருக்கிறது, ஆனால் என் கோபத்துக்குப் பயப்படாமல் என் தப்பைச் சொல்லித் திருத்துகிற ஒரு ஆள் எனக்கு இருக்கிறார் என்று அடுத்த நிமிடமே மனசு நிறைந்துவிடுகிறது.